கண்டெய்னர் வரிசை வழிவிட்ட மதியம்

அன்னையின் பிள்ளைகளே, இதை எழுதுகிறவன் எதற்கும் பயப்படுகிற கிழவன். துறைமுகத்தில் சரக்கு எண்ணும் குமாஸ்தாவாக இருந்தவன். எதையாவது எண்ணிக்கொண்டிருந்தால்தான் எனக்கு மனம் அடங்கும்.

என் மகள் ஸ்டெல்லாவுக்கு எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உள்ளே இருப்பது போன்ற சதை வெளியிலும் வளர்கிற நோய். மாதந்தோறும் வலியில் சுருண்டு கிடப்பாள். கல்யாணமாகி ஒன்பதாம் வருடம், டெஸ்ட் டியூப் சிகிச்சையில்தான் கரு தங்கியது.

எங்கள் சந்தோஷம் நீடிக்கவில்லை. "நஞ்சுக்கொடி கீழ இறங்கி கர்ப்பப்பை வாயை மூடியிருக்கு. இந்த நோய் இருந்து, இந்தச் சிகிச்சையும் எடுத்தவங்களுக்கு இதுக்கு வாய்ப்பு கொஞ்சம் அதிகம். ரத்தம் பட்டா உடனே வந்துடுங்க" என்றார் டாக்டரம்மா.

எட்டாம் மாதம். தவக்காலத்து வெள்ளிக்கிழமை மதியம்.

"நைனா, ரத்தம் படுது. வலிக்கவேயில்ல."

அவள் வலியையே பார்த்துப் பழகியவன் நான். வலியில்லாத இரத்தம் எனக்குப் புதிது. மருமகன் எண்ணூரில் வேலையில் இருந்தார். ஆட்டோ பிடித்தோம்.

திருவொற்றியூர் தாண்டியதும் கண்டெய்னர் லாரிகள். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் வரிசை அது. இடத்தை விட்டவருக்கு மறுநாள்தான் முறை வரும். அதனால் யாரும் அசைய மாட்டார்கள். இரண்டு வரிசைகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டோம். ஸ்டெல்லாவின் உதடு வெளுத்தது. செபமாலையை எடுத்தேன். மணி விரலில் நிற்கவில்லை. "தாயே, என் பிள்ளையை எனக்குக் கொடுத்துவிடு" என்று வாய்விட்டு அழுதேன்.

முன்னால் நின்ற லாரியின் டிரைவர் இறங்கி வந்து ஆட்டோவுக்குள் பார்த்தார்.

"அழுவாத பெர்சு. ஆட்டோவுலயே குந்திகினு இரு."

பக்கத்து லாரிக்காரர் கத்தினார்: "மாமு, லைன் பூடும். நாளிக்கித்தான் உள்ள வுடுவான்!"

"பூட்டும் போ. புள்ளத்தாச்சிடா! இன்னா பார்த்துகினு கீற? நீயும் ஓரம் கட்டு!"

தன் லாரியை ஓரத்து மண்ணில் இறக்கினார். முணுமுணுத்துக்கொண்டே மற்றவரும் இறக்கினார். "புள்ளத்தாச்சி வண்டி, வழி வுடு!" என்ற கூவல் எங்களுக்கு முன்னால் ஓடியது. லாரி லாரியாக ஒதுங்கின. எத்தனை என்று எண்ண எனக்குத் தோன்றவேயில்லை.

ராயபுரம் ஆஸ்பத்திரியில் உடனே அறுவை செய்தார்கள். தாய் பிழைத்தாள். குறைமாதக் குழந்தை கண்ணாடிப் பெட்டியில் கிடந்து தேறினாள். இப்போது தவழ்ந்து வந்து என் செபமாலையை இழுக்கிறாள். எண்ணிக்கை கெடுகிறது. கெடட்டும்.

அந்த டிரைவரின் பெயர் தெரியாது. அவருக்காக தினமும் செபமாலையில் ஒரு மணி கூட்டிச் சொல்கிறேன்.

இப்படிக் கலங்கி நிற்கும் குடும்பங்களே, வலி இல்லையே என்று காத்திருக்காதீர்கள். மருத்துவமனைக்கு ஓடுங்கள். ஓடும்போதே அன்னையைக் கூப்பிடுங்கள். வழி அடைத்த இடத்திலும் அவள் ஒரு ஆளை நிறுத்தி வைத்திருப்பாள்.