விதை வெங்காயத்துக்குப் பதுக்கல் என்று பெயர்

டிவிக்காரர்கள் வந்தபோது நானே உட்காரவைத்து மோர் கொடுத்தேன். அந்த மோரை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

வேப்பந்தட்டைப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காடு. சின்ன வெங்காயம்தான் போடுவோம். மாசியில் பிடுங்கியதில் நல்ல காயாகப் பொறுக்கிக் காட்டிலேயே பட்டறை போட்டு வைப்போம். கல் அடுக்கி, கழி பரப்பி, சுற்றிலும் தட்டி கட்டி, மேலே கீற்று வேய்ந்த கூடு அது. காற்று போக வேண்டும், ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. புரட்டாசியில் அதை எடுத்துத்தான் ஊன்றுவோம். அது போனால் அந்த வருஷ வெள்ளாமையே போச்சு.

அந்த ஆவணியில் வெங்காய விலை ஏறிக் கிடந்தது. மைக்கோடு வந்த தம்பி பணிவாகத்தான் கேட்டான். "இது எதுக்குக்கா வெச்சிருக்கீங்க?"

"விதைக்குங்க தம்பி. புரட்டாசி வரைக்கும் ஒரு மூட்டகூட வெளிய போவாது" என்றேன், பெருமையாக.

சாயங்காலம் டிவியில் என் முகம். 'விதைக்கு' என்றதைக் காணோம்! புரட்டாசி வரை ஒரு மூட்டைகூட வெளியே போகாது என்று மட்டும் சொல்கிறேன், சிரித்துக்கொண்டு வேறு. கீழே சிவப்பு எழுத்தில் 'பதுக்கல்' ஓடுகிறது. கூடவே பேய்ப் படத்துக்குப் போடுகிற மாதிரி ஓர் இசை. அடப்பாவிகளா! பதுக்குகிறவள் ரோட்டோரக் காட்டில், ஊரே பார்க்கவா கூடு கட்டி வைப்பாள்?

"ஒனக்கு எதுக்குடி பேட்டி?" என்று வீட்டுக்காரர் என்மேல் பாய்ந்தார். மறுநாள் பெரம்பலூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண், "நீங்கதானே அது? உங்கள மாதிரி ஆளுங்களாலதான் நாங்க வெங்காயம் இல்லாம சாம்பார் வெக்கிறோம்" என்றாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. அவளுக்குக் காட்டியது அவ்வளவுதான்.

இரண்டு நாளில் ஜீப் வந்தது. பட்டறையைப் பிரிக்கச் சொன்னார் அதிகாரி.

"பிரிச்சா வீணாப் போயிடுங்க சார். மழ வர்ற மாதிரி இருக்கு" என்று கெஞ்சினேன்.

"விதைதான்னு பாத்தாலே தெரியுதும்மா. டிவியில வந்துட்டுதே, எண்ணி எழுதாம நான் போவ முடியாது."

உண்மை கண்ணெதிரே கிடக்கிறது. அந்த மனுஷனுக்கு டிவியில் வந்ததுதான் பெரிது! பாதியை இறக்கித் தரையில் குவித்தபோது மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் தேடி ஓடினோம். பிரித்த பட்டறைக்குள்ளும் தண்ணீர் இறங்கிவிட்டது. ஒரு வாரத்தில் காடே நாறியது. அழுகாமல் தப்பியது நாலு கூடை தேறாது.

அப்போது அதே தம்பி மறுபடி வந்தான். "நான் முழுசாத்தான்க்கா அனுப்புனேன், ஆபீஸ்ல நறுக்கிட்டாங்க" என்றான். சொல்லிக்கொண்டே மைக்கை நீட்டுகிறான்! இந்தத் தடவை நறுக்குவதற்கு ஒன்றும் கொடுப்பதில்லை என்று முடிவுசெய்தேன்.

"மொத்தம் எத்தன மூட்டைக்கா?"

"விதை."

"சோதனையப் பத்தி என்ன சொல்றீங்க?"

"விதை."

"எங்க நேயர்களுக்கு ஏதாவது..."

அழுகிய காயைக் கை நிறைய அள்ளி கேமராவுக்கு நேரே பிடித்து, "விதை" என்றேன்.

அது டிவியில் வரவில்லை. புரட்டாசி பிறந்தது. எங்கள் காடு சும்மா கிடக்க, நான் பக்கத்துக் காட்டில் கூலிக்கு வெங்காயம் ஊன்றிக்கொண்டிருந்தேன்.