சுண்ணாம்புக்குளத்தில் கேட்ட என் கல்யாணப் பாட்டு

எண்பதுகளின் நடுவில், சுண்ணாம்புக்குளத்தில் ஒரு கல்யாண வீட்டில் நடந்தது இது. அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் முடிந்திருந்தது. பிறந்தது தோணிரேவுக்குப் பக்கத்தில் ஏரிக்கரை, வாழ்க்கைப்பட்டது ஆரம்பாக்கத்தில். என் வீட்டுக்காரர் அங்கே ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். வெற்று கேசட் கொண்டு வந்தால் கேட்ட பாட்டைப் பதிந்தும் கொடுப்பார். இரண்டு கேசட் போடுகிற டெக் அந்தப் பக்கத்தில் முதலில் எங்கள் கடைக்குத்தான் வந்தது என்று நான் சொல்லாத ஆள் கிடையாது. நான் கொஞ்சம் பீற்றல் பேர்வழி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் நலங்குக்குப் பாடியவர் எங்கள் ஊர் அத்தை ஒருவர். என் அப்பாவின் கூடப் பிறந்தவர் இல்லை, நைனாவுக்குத் தங்கை முறை. கூடையில் இறால் சுமந்து விற்பவர். எங்கள் கரை ஊர்களில் எங்கே கல்யாணம் என்றாலும் வெற்றிலை பாக்கு வைத்து அவரைத்தான் அழைப்பார்கள். ஒரே பாட்டை எல்லோருக்கும் பாடுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. மூன்று நாள் முன்பே வந்து உட்கார்ந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் சின்ன வயசில் அடித்த கூத்தையெல்லாம் கேட்டுக்கொண்டு போவார். நலங்கு அன்றைக்குப் பார்த்தால் அத்தனையும் இருவர் பேரோடும் பாட்டில் வந்து விழும். நான் நண்டு கடித்து ஊரைக் கூட்டியதும் என் பாட்டில் இருந்தது, ஈயம் பற்றவைக்கிறேன் என்று என் வீட்டுக்காரர் விரலைச் சுட்டுக்கொண்டதும் இருந்தது. சிரித்த சிரிப்பில் என் கண் மை கன்னத்துக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளையாக உட்கார்ந்திருந்த மனுஷன், மணைக்குப் பக்கத்திலேயே டேப்ரிக்கார்டரை வைத்து முழுசாகப் பதிந்துவிட்டார்.

சினிமாப் பாட்டு பதியும்போது அவருக்கு உள்ளூர உதறல் இருக்கும். நகல் எடுக்கக் கூடாது என்று ரெக்கார்டிலேயே போட்டிருக்கும். போலீஸ் வந்தால் டெக்கைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று யாரோ பயமுறுத்தியும் வைத்திருந்தார்கள். அத்தை பாட்டுக்கு அந்தப் பயம் இல்லை.

“அது கம்பெனி பாட்டு, அதுக்குச் சட்டம் கீது. அத்தை தொண்டையில இன்னா எழுதி வெச்சிருக்குது?” என்றார் என் வீட்டுக்காரர்.

நானும் ஆமாம் போட்டேன். கேட்டவர்களுக்கெல்லாம் என் கையாலேயே பதிந்து கொடுத்தேன். ஒரு பைசா வாங்கவில்லை. முதலில் சொந்தக்காரர்கள் வந்தார்கள், பிறகு அவர்களுக்குத் தெரிந்தவர்கள், கடைசியில் சவுண்ட் சர்வீஸ்காரர்கள். அவர்கள் அதிலிருந்து இன்னும் எத்தனை எடுத்தார்களோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். பஸ்ஸில் யாராவது, “உன் பாட்டை எங்க ஊர்ல போட்டாங்கமே” என்றால் எனக்குத் தலைகால் புரியாது. யார் வீட்டு மாப்பிள்ளையோ மணையில் உட்கார்ந்திருக்க, பாட்டில் என் வீட்டுக்காரர் விரலைச் சுட்டுக்கொண்டிருப்பார். அதை நினைத்து நினைத்துச் சிரிப்பேன்.

அத்தை வாரத்தில் இரண்டு நாள் ஆரம்பாக்கத்துக்கு இறால் கொண்டு வருவார். கடை வாசலில் கூடையை இறக்கி, எனக்கென்று இரண்டு கை அள்ளிப் போட்டுவிட்டுத்தான் நகர்வார். முன்பெல்லாம் தையிலும் மாசியிலும் அவர் கூடை தூக்கி யாரும் பார்த்ததில்லை. முகூர்த்த மாசத்தில் பாடுவதற்கே நாள் போதாது. அந்த இரண்டு வருஷமும் தையிலும் வந்தார், மாசியிலும் வந்தார். ஏன் அத்தே என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. இறாலை மட்டும் வாங்கிக் குழம்பு வைத்தேன். இப்போது நினைத்தாலும் என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அந்த அத்தையின் ஒரே மகளுக்குத்தான் சுண்ணாம்புக்குளத்தில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் வைத்து நடந்தது. அந்தப் பக்கத்து ஊர்களில் அத்தை பாடப் போனதே கிடையாது. முந்தின நாள் மத்தியானம் நலங்கு. நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பனைமரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கியில் என் பேர் கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. அட, இங்கேயும் நம் பாட்டு என்று நடையை எட்டிப் போட்டேன்.

பந்தலுக்குள் போனதும் கால் நின்றுவிட்டது. மணையில் உட்கார்ந்திருந்த பெண் குனிந்து அழுதுகொண்டிருந்தாள். அவள் அம்மாவின் குரல், அவள் நலங்கில், அவள் பேரை விட்டுவிட்டு என் பேரைப் பாடிக்கொண்டிருந்தது. அத்தையோ சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு கும்பலுக்குப் பின்னால் நின்றார். மாப்பிள்ளையின் அம்மா பக்கத்தில் இருந்தவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: “இந்தப் பாட்டு இல்லாத கல்யாணமே எங்க பக்கம் கிடையாது. யாரோ பட்டணத்துப் பொம்பளை பாடனதாம்.”

கேசட் அட்டையில் என் பேரையும் என் வீட்டுக்காரர் பேரையும் கொட்டை எழுத்தில் எழுதியவள் நான்தானே. பாடியவர் பேரை எழுத எனக்குத் தோன்றவே இல்லை.

அத்தையிடம் போய், “நான்தான் பாடனேன்னு சொல்ல வேண்டிதுதானே அத்தே?” என்று கேட்டேன்.

“சொன்னா நம்புவாங்களா கண்ணு? இவ்ளோ நல்லா பாடறவ, பொண்ணு நலங்குல ஏன் வாயை மூடிகினு நிக்கறன்னு கேப்பாங்க. பொண்ணைக் குடுக்கற எடம், நாம பேசக் கூடாது. வுடு.”

என்னால் விட முடியவில்லை. நேரே சவுண்ட் சர்வீஸ் ஆளிடம் போய் நிறுத்தச் சொன்னேன். நலங்குப் பாட்டை நடுவில் நிறுத்தினால் ஆகாது என்று அவன் மறுத்தான். ஒயரைப் பிடித்து இழுத்துவிட்டேன். அடுத்த நொடி மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்தார்.

“யாருடி நீ? நல்ல காரியத்துல பாட்டை நிறுத்தறே?”

கல்யாணத்தைக் கெடுத்துவிட்டோமோ என்று பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் சொல்லிவிட்டேன்: “அந்தப் பேரு என் பேரும்மா. அது என் கல்யாணத்துப் பாட்டு. பாடனது பட்டணத்துப் பொம்பளை இல்ல, உங்க சம்பந்தி.”

எல்லாக் கண்ணும் அத்தை மேல் திரும்பியது. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு நம்பிக்கை இல்லை. “அப்டியா? பாடச் சொல்லு, பாப்போம்” என்றார்.

அத்தை பாடவில்லை. என்னைப் பார்த்து, “நான் பாடி வருசம் ரெண்டாவுது. பொட்டியில போட்டு அத்தினி தபா கேட்டவ நீதானே, நீயே பாடுடி” என்றார். கோபமா கிண்டலா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று இப்போது தெரிகிறது.

பாடினேன். வேறென்ன செய்வது? என் குரல் தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டின மாதிரி இருக்கும். ஒவ்வொரு வரியும் மனப்பாடம் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தேன். பெண் பேர் வருகிற இடத்தில் கேசட்டோடு கூடவே பாடிப் பழகின வாய், என் பேரையே சொல்லிவிட்டது. “ஐயையோ” என்று நானே கத்திவிட்டேன். முதலில் சிரித்தது மணையில் அழுதுகொண்டிருந்த பெண்தான். பிறகு பந்தலே சிரித்தது.

அத்தை தலையில் அடித்துக்கொண்டார். “என் பொண்ணு நலங்குலயும் உன் பேருதானா? தள்ளுடி அந்தாண்ட!” என்று சந்தனக் கிண்ணத்தை என் கையில் திணித்துவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தார். முதல் இரண்டு வரியில் குரல் உடைந்தது. மூன்றாவது வரியில் மகள் பேர் வந்ததும் பிடித்துக்கொண்டது. அந்தப் பெண் சோற்றுக்கு அழுததைப் பாடினார். ஒயரைப் பிடுங்கின ரேடியோக்காரியைப் பாடினார். சண்டைக்கு வந்த சம்பந்தியின் மூக்குத்தி ஆடின ஆட்டத்தையும் விடவில்லை. மாப்பிள்ளையின் அம்மா சிரிப்பு தாங்காமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவரே ஒரு சோடாவை உடைத்துக் கொண்டுவந்து, “குடிச்சிட்டு இன்னும் பாடு சம்பந்தி” என்று கொடுத்தார்.

மறுநாள் தாலி கட்டி முடிந்ததும் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

“அழுவாதடி. நீ இன்னா வித்தா துன்னே? சொம்மாதானே குடுத்தே” என்று என் கண்ணைத் துடைத்துவிட்டார். பிறகு அவரே மெதுவாகச் சொன்னார்: “சொம்மா கிடைக்கறப்போ வெத்தலை பாக்கு வெச்சி யாரு கூப்புடுவாங்க, சொல்லு? என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா, பேரே வராம பொதுவா ஒண்ணு பாடிக் குடுத்திருப்பேனே.”

ஊருக்கு வந்ததும் கொடுத்த கேசட்டையெல்லாம் திருப்பி வாங்கக் கிளம்பினேன். சிலதுதான் கைக்கு வந்தது. மற்றதெல்லாம் எங்கெங்கோ போய், எப்படி எப்படியோ பெருகியிருந்தது. பதியச் சொல்லிக் கடைக்கு வந்தவர்களிடம் அத்தை பேரையும் ஊரையும் சொல்லி, நேரில் போய் அழையுங்கள் என்று அனுப்பினேன். சிலர் அழைத்தார்கள். சில ஊர்களில் வருஷக் கணக்கில் கேசட்டேதான் ஓடியது, நான் செய்ததை என்னாலேயே நிறுத்த முடியவில்லை. பைசா வாங்காமல் கொடுத்தேன் என்று இரண்டு வருஷம் நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தேனே. அது என் பொருளாக இருந்தால்தானே கொடுத்தேன் என்று நான் சொல்லிக்கொள்ள முடியும் என்பது இன்றைக்கும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.