அருளப்பன் அண்ணாச்சியின் ஹாரன்

வெள்ளிக்கிழமைப் பூசைக்காகக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஈரப் பித்தளை வாசனை மூக்கில் ஏறியதும் உதடு தானாகக் குவிந்துவிட்டது. கூடவே அந்தப் பழைய பயமும்.

தென்காசியில் எங்கள் பேண்டு செட்டுக்குக் கல்யாணம், சாமி சப்பரம், மாதா கோவில் தேர் எல்லாம் ஒன்றுதான். கிளாரினெட் வாசிக்கும் மாசானம் அண்ணாச்சிதான் தலைவர். தோளில் மாட்டி ஊதும் பெரிய பித்தளை ஹாரனை முதலில் ஊதியவர் பட்டாளத்திலிருந்து வந்தவர். அவர் கொழும்புக்குக் கப்பலேறியதும் அருளப்பன் அண்ணாச்சி கைக்கு வந்தது. அவர் ஊதினால் நம் நெஞ்சுக்கூடு அதிரும். ஒரு நாள் சப்பரத்துக்கு முன்னால் இருமினார், துண்டில் ரத்தம். காசநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். ஹாரனைத் தொட ஆளில்லை. ஜால்ரா தட்டிக்கொண்டிருந்த எனக்கு இப்படித்தான் பதவி உயர்வு கிடைத்தது!

வாய் வைக்கும் பித்தளைக் கிண்ணியை வெந்நீரில் போட்டு எடுத்துத்தான் ஊதுவேன். "அத ஊதுனா நெஞ்சு காஞ்சுரும்னு சொல்லுதாவ. கைப்பிள்ள இருக்குத வீடு" என்று என் மனைவி அழுவாள். பண்பொழி முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். எனக்கோ வேறு வேலை தெரியாது.

குற்றாலத்தில் சாரல் நேரம், ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வரக் காத்திருந்தோம். மரத்தடியில் அருளப்பன் அண்ணாச்சி! சட்டை மட்டும் நடந்து வந்து நிற்பதுபோல இருந்தார்.

"ஏலே, விட்டுட்டாவளா, ஓடி வந்துட்டியா?" என்றார் மாசானம் அண்ணாச்சி.

"ஊசி போட்டுப் போட்டு அவுகளுக்கே கை ஓஞ்சு போச்சு. போடான்னுட்டாவ." சிரித்தார். பிறகு என்னிடம், "ஏலே, ஒரே ஒரு தடவ ஊதிப் பாக்கட்டுமா?"

மற்றவர்கள் எல்லாரும் வேறு பக்கம் பார்த்தார்கள். எப்படி மறுப்பேன்? கொடுத்தேன். ஊதினார். பாதியில் மூச்சு அறுந்தது. மறுபடி முயலவில்லை. கிண்ணியைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் மணல் போட்டுத் தேய்த்து, ஒரு தேக்கிலையில் வைத்து நீட்டினார்.

"பிள்ளக்காரன் நீ. வெந்நியில போட்டுட்டு ஊது. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்லே."

அதற்குள், "ஏய் பேண்டு! மாப்பிள்ள எறங்கியாச்சு!" என்று கூப்பாடு. வெந்நீருக்கு எங்கே போவேன்? அவர் பார்த்துக்கொண்டே நின்றார். முருகா என்று உதட்டை வைத்துவிட்டேன்.

அதன்பின் அவர் வரவில்லை. பயம்தான் என்னோடு வீட்டுக்கு வந்தது. தொண்டை கமறினால் போதும், துண்டை விரித்து வெளிச்சத்தில் பார்ப்பேன். முருகன் கைவிடவில்லை, நோய் வரவே இல்லை. ஆனால் வராது என்று அப்போது யார் எனக்குச் சொன்னார்கள்? மகள் தவழ்ந்து என்னிடம் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவேன். பள்ளிக்கூடம் போகும்வரை அவளை நான் முத்தமிட்டதில்லை.

செட்டு கலைந்துபோயிற்று. ஹாரன் பழைய பாத்திரக் கடைக்குப் போயிற்று. மகள் இப்போது பேரன் எடுத்துவிட்டாள். போன மாதம் அவனை முகர்ந்துகொண்டே, "சின்னப் பிள்ளையில எம்மேலயும் இப்படித்தான் பால் வாசன அடிக்குமாப்பா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியாது.