அனுமந்தன்பட்டிக்கு ஒரு வெந்நீர் பெல்லோஸ்

சென்ற தை மாதம் தேனிப் பக்கம் போனது ஊர் சுற்ற அல்ல. என்னோடு பாலிடெக்னிக்கில் படித்த மல்லிகா, அனுமந்தன்பட்டியில் சிறியதொரு திராட்சைச் சாறு ஆலை நடத்துகிறாள். அங்கே வெந்நீர்க் குழாயை இணைக்கும் ரப்பர் பெல்லோஸ் வீங்கிவிட்டது என்று போன் செய்தாள். எனக்கு மதுரையில் ஓர் ஆலையில் குழாய்ப் பராமரிப்பு வேலை. இதே தேவைக்கு அலைகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

ஆரப்பாளையத்திலிருந்து தேனி சுமார் எழுபத்தைந்து கிலோமீட்டர், பேருந்தில் இரண்டு மணி நேரம். அங்கிருந்து கம்பம் பேருந்தில் இன்னும் ஒரு மணி நேரம். சின்னமனூர் தாண்டினால் திராட்சைப் பந்தல்கள் தெரியும்; ஜன்னலோரம் பிடியுங்கள்.

வழியில் பழனிசெட்டிபட்டியில் ஒரு பம்ப் உதிரிபாகக் கடையில் விசாரித்தேன். கடைக்காரர் கனமான பெல்லோஸ் ஒன்றை எடுத்து வைத்தார். எந்த வகை ரப்பர் என்று அதில் எழுத்தே இல்லை.

"கெணத்து மோட்டாருக்கு இதத்தான் வாங்கிட்டுப் போறாக. வெந்நீருக்குத் தாங்குமான்னு என்னால சொல்ல முடியாதும்மா."

நேர்மையான பதில். வாங்கவில்லை.

பெல்லோஸ் என்பது பம்புக்கும் குழாய்க்கும் நடுவே மாட்டும் ரப்பர் இணைப்பு. பம்பின் அதிர்வையும், சூட்டில் குழாய் நீள்வதையும் அது வாங்கிக்கொள்ளும். மல்லிகாவின் குழாயில் ஓடுவது தொண்ணூறு டிகிரி வெந்நீர். மாட்டியிருந்தது சாதாரண ரப்பர். ஒரு பக்கம் கொய்யாக்காய் அளவு புடைத்திருந்தது. அதன் பக்கத்திலேயே பம்பின் சுவிட்ச். அங்கே நின்று வேலை பார்ப்பவள் மல்லிகாவின் நாத்தனார் ராணி.

"இன்னைக்கு ஒரு நா ஓட்டிருவோம்டி. வெட்டுன பழம் வாசல்ல கெடக்கு," என்றாள் மல்லிகா என்னிடம்.

வெடித்தால் வெந்நீர் மேலே அடிக்கும், வேண்டாம் என்றேன். ராணியும், "நான் அங்கன நிக்க மாட்டேன் மதினி," என்றாள்.

"நீ நிக்காட்டிப் போ. நான் நின்னுக்கிறேன்."

மல்லிகா சுவிட்சைப் போட்டாள். புடைப்பு நடுங்கியது. நான் வாயைத் திறப்பதற்குள் ராணி பாய்ந்து வந்து அணைத்தாள்.

"ஒங்களுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்ல? பழம் போனாப் போகுது."

மல்லிகா பழத்தைக் கம்பம் சந்தைக்கு அனுப்பிக் கிடைத்த விலைக்கு விற்றாள். குழாய் ஆறியதும் பெல்லோஸைக் கழற்றினோம். உட்புறம் நனைந்த அட்டைபோல உரிந்து வந்தது. மல்லிகா அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு ராணிக்கும் சேர்த்து டீ வாங்கிவரப் போனாள்.

நான் போனில் சொல்லிவைத்தபடி, மறுநாள் மதுரையிலிருந்து பேருந்து பார்சலில் ஈ.பி.டி.எம். என்ற வகை ரப்பர் பெல்லோஸ் வந்தது. நூற்றுப்பத்து டிகிரி வரை தாங்கும் என்று அச்சிட்டிருந்தது. மாட்டி ஓட்டினோம், புடைக்கவில்லை.

புறப்படும்போது, எதைப் பார்த்து வாங்குவது என்று ராணி துருவித் துருவிக் கேட்டாள். அவளுக்குச் சொன்னதே உங்களுக்கும். குழாயில் என்ன ஓடுகிறது என்பதைக் கடைக்காரரிடம் முதலில் சொல்லுங்கள். வெந்நீருக்கு ஈ.பி.டி.எம். நல்லது, ஆனால் எண்ணெய் பட்டால் அது ஊதிவிடும், செக்கு ஆலைக்கு ஆகாது. கொதி எண்ணெய் சுற்றும் குழாய் என்றால் ரப்பரையே மறந்துவிட்டு எஃகு பெல்லோஸ் கேளுங்கள். சூடு ஏற ஏற ரப்பர் தாங்கும் அழுத்தம் குறையும். உங்கள் சூட்டில் எவ்வளவு தாங்கும் என்று கேளுங்கள். குழாய் கோணலாக நின்றால், பெல்லோஸை இழுத்து மாட்டிச் சமாளிக்காதீர்கள். அதன்மேல் சூடு காக்கும் உறையும் சுற்றாதீர்கள். வீங்கினால் கண்ணுக்குத் தெரியாது.

"அடுத்த தடவ வாங்குறப்ப ஒனக்குப் போன் பண்றேன்," என்றாள் மல்லிகா.

"நீங்க பண்ண வேணாம் மதினி, நான் பண்றேன்," என்றாள் ராணி. "பக்கத்துல நிக்கப்போறது நாந்தான?"