கறுப்புக் கம்பியில் கரண்டு

கம்பியின் உறையைப் பல்லால் உரித்துத் துப்பிவிட்டு, "கட்டர் எதுக்கு லா? ஆண்டவர் இந்தப் பல்ல சோறு திங்க மட்டுமா குடுத்தாரு?" என்கிறார் டோரிஸ் அக்கா. செலண்டார் என்ற ஊரில் எங்கள் வரிசையின் கடைசி வீடு அவருடையது. வாசலில் நிற்கும் கார் அவருடைய மகளைவிட மூத்தது. அதை "பெரியவரே" என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் "யோவ்".

பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில், நகத்தளவு மின்சுற்றுப் பலகைகளில் ஈயம் பற்றவைத்தே அவருடைய பாதி ஆயுள் போயிற்று. வேலையை விட்ட பிறகும் கை சும்மா இருக்கவில்லை. அக்கம்பக்கத்து மின்விசிறி, ரைஸ் குக்கர், மாதா கோயில் மைக் எல்லாம் அவர் சமையலறை மேசைக்கு வந்துவிடும். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வாங்கிய கண்ணாடி ஒன்று மூக்கின் மேல், இன்னொன்று தலையில். "என் கண்ணாடிய பாத்தியா?" என்று அவர் கேட்டால், தேடுவது மூன்றாவதை. வேலை நடக்கும்போது வாய் ஏதாவது பூசைப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். பாட்டு நின்றால் சிக்கல் என்று அர்த்தம்.

பக்கத்து வீட்டு நல்லமுத்து அண்ணனுக்குச் சிறுநீரகம் வேலை செய்வதில்லை. பிள்ளைகள் ஜொகூரில் இருக்கிறார்கள். ரத்தம் சுத்தம் செய்ய அவரை ஜாசின் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வருவது டோரிஸ் அக்காதான். யாரும் கேட்டுச் செய்ததில்லை. ஒருநாள் அண்ணன் பஸ்ஸுக்குக் காத்து நின்றதைப் பார்த்து, "ஏறுங்கண்ணே" என்றாராம். அவ்வளவுதான் தொடக்கம்.

நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரம், எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைத் தோட்டத்து மேட்டில் பெரியவர் திடீரென்று மூச்சை விட்டுவிட்டார். பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய லாரி. "அவன் அடிச்ச ஹார்ன்ல என் உசுரு பாதி அங்கயே போயிருச்சு" என்றார் நல்லமுத்து அண்ணன். இன்ஜின் ஆறியதும் கார் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பியது. சூடேறியதும் மறுபடி நின்றது. இன்ஜின் சுற்றுவதைக் காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சார் போய்விட்டது என்றார் மெக்கானிக். ரெம்பியாவில் புதியது ஒன்று கிடைத்தது. ஆனால் அதன் பிளக் காரில் பொருந்தவில்லை. அதற்குள் மெக்கானிக் ஈப்போவுக்குப் புறப்பட்டுவிட்டார். மற்ற பட்டறைகளும் பெருநாளுக்கு மூடிவிட்டன. வாடகைக் கார்க்காரரும் கம்பத்துக்கு, தன் சொந்தக் கிராமத்துக்கு, போயிருந்தார். மறுநாள் காலை அண்ணன் ஜாசினில் இருந்தாக வேண்டும். முன்பு ஒருமுறை தவறியபோது நெஞ்சில் நீர் கோத்து, பேச்சு வராமல் கிடந்தவர் அவர்.

"நானே மாத்திப்புடுறேன். நீ டார்ச்சு பிடி" என்றார் அக்கா என்னிடம். பட்டப்பகல்தான். ஆனால் பானெட்டுக்கு அடியில் இருட்டு.

பிளக்கை வெட்டிவிட்டுக் கம்பியோடு கம்பியைச் சேர்க்க வேண்டும். சென்சாரில் மூன்று கம்பிகள், காரில் மூன்று கம்பிகள். இரண்டு பக்கமும் ஒரு கறுப்பு. வழக்கமாகக் கறுப்பில் கரண்டு இருக்காது. கறுப்பையும் கறுப்பையும் முறுக்கப் போனவரின் பாட்டு சட்டென்று நின்றது.

"என்னக்கா?"

"கலர நம்பி எத்தனை பலகைய எரிச்சிருக்கேன் தெரியுமா? தப்பா சேத்தா பெரியவரு மூளை வெந்துரும். அப்புறம் அண்ணன தோள்லயா தூக்கிட்டுப் போறது?"

சாவியைத் திருப்பச் சொன்னார். கரண்டு பார்க்கும் மீட்டரின் முனையைக் காரின் கறுப்புக் கம்பியில் வைத்தார். எண் குதித்தது.

"அடப்பாவி! கறுப்புல கரண்டு வருது பாரு!"

அந்தக் கம்பியைத் தொட்ட கையாலேயே சிலுவை போட்டுக்கொண்டார். நெற்றியில் கரி. பிறகு அவசரமே இல்லை. மூன்று கம்பிகளையும் மீட்டரில் சோதித்து, சென்சார் பெட்டியில் இருந்த படத்தோடு ஒப்பிட்டார். பேட்டரியைக் கழற்றினார். ஒவ்வொரு இணைப்பிலும் ஈயம் வைத்து, சூட்டில் சுருங்கும் ரப்பர் குழாயை அதன்மேல் இழுத்துவிட்டார். கம்பி புகைக்குழாயில் படாமல் தள்ளிக் கட்டினார். பாட்டு மறுபடி கேட்டது.

பேட்டரியை மாட்டியதும், முதல் திருப்பிலேயே கார் உயிர்பெற்றது. அக்கா சிரிக்கவில்லை. "சூடாகட்டும் லா, அப்புறம் பேசலாம்" என்று படியில் உட்கார்ந்து, பெருநாளுக்காக மலாய்க்கார வீட்டிலிருந்து வந்த ரெண்டாங் இறைச்சிக் கறியைத் தொடாமல் மடியில் வைத்திருந்தார். இன்ஜின் விசிறி ஓடி நின்று, மறுபடி ஓடியது. இன்ஜின் நிற்கவில்லை. அதன் பிறகுதான் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார்.

மறுநாள் காலை பின்சீட்டில் நானும் போனேன். நல்லமுத்து அண்ணன் முன்னால், கதவுப் பிடியை இறுகப் பற்றியபடி இருந்தார்.

"நின்னுருமா, டோரிசு?"

"நின்னா நான் தள்ளுறேன். நீங்க ஸ்டியரிங் பிடிங்க."

மேடு வந்தது. இன்ஜின் முனகி ஏறி, மறுபக்கம் இறங்கியது. "ஆண்டவரே" என்று அக்கா ஒரு நீண்ட மூச்சு விட்டார். அண்ணன் சிரித்துவிட்டார். கொஞ்ச தூரம் போவதற்குள் அவர் தலை தூக்கத்தில் ஜன்னலில் சாய்ந்தது. பிடியை விட்ட கை மடியில் கிடந்தது.

அக்கா திரும்பி ஒருமுறை பார்த்தார். கையை நீட்டி ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்.