பாபநாசத்தில் ஒரு வேட்டி

பிள்ளை பிறப்பதற்குள் தாமிரபரணியை மலையடிவாரத்திலிருந்து கடல்வரை பார்த்துவிட வேண்டும் என்று நானும் என் கணவன் ஜோயலும் கிளம்பி வந்திருக்கிறோம். பாபநாசம் படித்துறையில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஆற்றில் இறங்குகிறேன். இடுப்பளவுத் தண்ணீரில் ஏழு மாத வயிற்றின் பாரமே தெரியவில்லை. அடுத்த அடி வைக்கும்போது கணுக்காலை ஏதோ சுற்றி இழுக்கிறது. ஜோயல் தாங்கிப் பிடிக்காவிட்டால் விழுந்திருப்பேன். அவன் குனிந்து உருவுகிறான். சேறு படிந்த ஒரு சேலை வருகிறது. யாரோ குளித்துவிட்டு, பாவத்தோடு சேர்த்து ஆற்றில் விட்டுப் போனது.

படியில் துண்டு விற்கும் அம்மா ஜோயலைப் பார்த்துக் கத்துகிறார். "ஏ தம்பி, புள்ளத்தாச்சிய ஆத்துல எறக்குவாவளா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "சேலையைப் போட்டவங்கள ஏன் நீங்க கேக்கல?"

"அது பாவத்தத் தொலைக்கது, தாயி. நீதான் பாத்து எறங்கணும்."

அவர் சொல்லி முடிப்பதற்குள், பக்கத்தில் குளித்த ஒருவர் புது வேட்டியைக் கட்டிக்கொண்டு, பழையதை ஆற்றில் விட்டுக் கும்பிடுகிறார். அது மிதந்து வந்து என் வயிற்றில் முட்டுகிறது. அதை அள்ளிக்கொண்டு படியேறுகிறேன்.

"தொடாத தாயி! அவுக பாவம் ஒன்ட்ட ஒட்டிக்கிடும்!"

"ஆத்துல நிக்கும்போது மட்டும் ஒட்டாதா?"

ஈர வேட்டியை அந்த மனிதரின் காலடியில் போடுகிறேன். தன் வேட்டியைத் தானே தொடப் பயந்து அவர் மேல்படிக்கு ஏறிக்கொள்கிறார். நான் மறுபடியும் ஆற்றில் இறங்குகிறேன்.