விமான இருக்கைக்கு மின்சாரம் விற்றவன்

சுகுமாறனுக்கு முதுகெலும்பு இருக்கிறது என்பதற்கு ஒரு எக்ஸ்ரே படம்தான் சாட்சி. எல்லைப் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்வந்த காலத்தில், அந்தப் பாலத்துக்குப் போகும் வழியில் ஒரு லாரி தட்டிவிட்டது. அப்போது ஆஸ்பத்திரியில் எடுத்த படம் அது. "இனிமே அந்தப் பாலத்துப் பக்கமே போகாதீங்க" என்று மனைவி யோகேஸ்வரி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்காகத்தான் செனாய் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் விற்பனை வேலைக்குச் சேர்ந்தான்.

கம்பெனி செய்வது விமானத்தில் பயணி உட்காரும் இடத்தில் வைக்கும் சாக்கெட். கோலாலம்பூர் போய்ச் சேரும்வரைகூட மனிதனால் போன் இல்லாமல் இருக்க முடியாது என்பதுதான் இந்த வியாபாரத்தின் முதல். பவர் பேங்க் தீப்பிடிக்கும் என்று விமானத்தில் அதற்குக் கட்டுப்பாடு வந்ததும் சந்தை சூடுபிடித்தது. பிடித்து என்ன பயன்? மூன்று பேர் உட்காரும் வரிசைக்கு இரண்டு சாக்கெட் போதும் என்பார்கள் விமானக் கம்பெனிக்காரர்கள். மூன்றாவது ஆள் என்ன செய்வான் என்றால், எடை கூடிவிடும் என்பார்கள். பயணியின் தொந்தியை நிறுக்காத மகான்கள் சாக்கெட்டை மட்டும் கிராம் கணக்கில் நிறுப்பார்கள். சுகுமாறன் எல்லாவற்றுக்கும் "கரெக்ட் பாஸ், கரெக்ட் மேடம்" என்பான்.

அது அவனுக்கு இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. கூலாய் பக்கம் எண்ணெய்ப்பனை எஸ்டேட்டில் பிறந்து, பள்ளியில் வாத்தியாருக்கும் பேக்டரியில் சூப்பர்வைசருக்கும் ஆமாம் சாமி போட்டே ஆளானவன். ஒரு கல்யாணப் பந்தியில் சாம்பாரில் உப்பு தூக்கல் என்றார் வலது பக்கத்துக்காரர். "ஆமாண்ணே" என்றான். உப்பே இல்லை என்றார் இடது பக்கத்துக்காரர். அதற்கும் "ஆமாண்ணே" என்றான். இத்தனைக்கும் அவன் இலையில் இன்னும் சாம்பாரே ஊற்றவில்லை.

இந்த முறை ஆமாம் போட்டுத் தப்பிக்க வழியில்லை. புதிதாகத் தொடங்கும் ஒரு மலிவு விமானக் கம்பெனி சாக்கெட் வாங்கப் பார்த்துக்கொண்டிருந்தது. "அந்த ஆர்டர் வந்தா உன் வேலை நிலைக்கும். வரலன்னா விற்பனைக்கு எனக்கு ஆளே வேணாம்" என்று முதலாளி தவுக்கே சொல்லிவிட்டார். தமிழர்களோடு வேலை பார்த்துப் பார்த்து அந்தச் சீனருக்குத் தமிழ் நன்றாகவே வரும்.

விமானக் கம்பெனிக்குச் சாமான் வாங்கும் அதிகாரி அல்ஃபியா வந்தாள். மாசாயில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். சாம்பிளுக்கு வைத்திருந்த மூன்று இருக்கைகளில் நடுவில் உட்கார்ந்து, பையிலிருந்து தன் சார்ஜரை எடுத்தாள்.

"இது ரெண்டு பின்னு லா. பேனா இருக்கா?"

இந்த நாட்டில் வீட்டுக்கு வீடு நடக்கிற கூத்து இது. சுவரில் இருப்பது மூன்று ஓட்டை சாக்கெட். இரண்டு முனை சார்ஜர் அதில் நுழையாது. மேல் ஓட்டையில் பேனாவை விட்டு அழுத்தினால் கீழ் ஓட்டைகள் திறந்துகொள்ளும். ஆபத்து என்று எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் செய்வார்கள்.

சுகுமாறன் விற்கும் சாக்கெட்டுக்கு இந்தக் குத்தல் வேலை தேவையே இல்லை. எந்த நாட்டு பிளக்கும் நேராகப் போகும். வேறு எதையாவது உள்ளே விட்டால் தானாகவே கரண்டை நிறுத்திக்கொள்ளும். அதன் பெருமையே அதுதான். அதைத்தான் அவன் மாதக்கணக்காக மனப்பாடம் செய்திருந்தான். "பேனா வேணாம் மேடம்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நம் ஆள் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியையும் கழற்றி, குனிந்து நீட்டினான்.

அவள் குத்தினாள். பச்சை விளக்கு அணைந்தது.

"அலமாக்! என்ன இது, செத்துப்போச்சு?"

"சாரி மேடம். சாம்பிள் கோளாறு. எங்க ஆளுங்க சரியா செய்யல."

"காட்டுறதுக்கே கோளாறு சாமானா வச்சிருக்கீங்க? இதை நம்பி நான் பிளேன்ல மாட்டணுமா?" அல்ஃபியா பேனாவை அவன் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள்.

விவரம் தெரிந்து தவுக்கே வந்தார். சாக்கெட்டுக்கு வரும் மின்சாரத்தை அணைத்துத் திரும்பப் போட்டார். பச்சை விளக்கு எரிந்தது. அதில் ஒரு கோளாறும் இல்லை. செய்ய வேண்டியதை அது சரியாகச் செய்திருக்கிறது. அந்த அறையில் ஒழுங்காக வேலை பார்த்தது அது ஒன்றுதான்.

"இப்பவே அவங்களுக்குப் போன் போடு. உண்மையைச் சொல்லு" என்றார் தவுக்கே.

சுகுமாறன் போனை எடுத்தான். இந்த வேலை போனால் திரும்பச் சிங்கப்பூர்தான். பாலத்தில் நெருக்கியடித்து நிற்கும் மோட்டார் சைக்கிள்கள், அந்த லாரி, யோகேஸ்வரியின் அழுகை எல்லாம் கண்முன் வந்தன. ஸ்பீக்கரைப் போட்டுப் பேசினான்.

"மேடம், அந்த சாக்கெட்ல கோளாறு இல்ல மேடம். உள்ள பேனா போனதால அதுவாவே கரண்டை நிறுத்திக்கிச்சு. அது பாதுகாப்புக்கு..."

"ஓ, அப்படியா? அப்ப தப்பு என்னோடதா, மிஸ்டர் சுகு?"

குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எதிரே தவுக்கே 'ஆமாம் சொல், ஆமாம் சொல்' என்று தலையை ஆட்டினார். பிறந்ததிலிருந்து எல்லாருக்கும் ஆமாம் போட்டவன், வேலை நிலைக்க ஒரே ஒரு ஆமாம் சொன்னால் போதும். பாவி, அதைச் சொன்னானா?

"அய்யய்யோ, இல்ல மேடம்! உங்க மேல என்ன தப்பு? எங்க சாமான்தான் மேடம் மோசம்."

தவுக்கே கையை நீட்டிப் போனை அணைத்தார். கூடவே ஆர்டரும் அணைந்தது.

சாயங்காலம் வீட்டு வாசலிலேயே யோகேஸ்வரி காத்திருந்தாள்.

"ஆர்டர் கிடைச்சிருமாங்க?"

"கிடைச்சிரும்."

"அப்ப இனிமே பாலத்துக்குப் போக வேணாம்தானே?"

அவள் முகத்தைப் பார்த்தான். "வேணாம்" என்றான்.